சேலத்தில் எத்தனை மணிக்கு எங்கே சாப்பிடுவது

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து நான்கு பேர் சேலத்துக்கு வருகிறார்கள். சனிக்கிழமை நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில். அம்மா சுத்த சைவம். இரவில் கனமாக எதுவும் சாப்பிட மாட்டார். கேட்டவருக்கும் கணவருக்கும் நல்ல மட்டன் சாப்பாடு வேண்டும். பத்தாவது படிக்கும் மகளோ, ஊருக்குப் போனால் ஒரு கஃபேயிலாவது உட்கார்ந்தே ஆக வேண்டும் என்கிறாள். "பிரபலமான இடங்களாகச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பிரபலமான இடங்களின் பட்டியல் உங்கள் கைப்பேசியில் நான் தருவதைவிட நீளமாகவே இருக்கும். அதில் பெரும்பாலானவை மோசமும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி மூன்று மணிக்கு மட்டன் மெஸ்ஸுக்குப் போய், மாலைத் தீனியான தட்டுவடையைக் காலை பதினோரு மணிக்குத் தேடி, ஞாயிறு மதியம் ஏற்காட்டில் மேசைக்காக வரிசையில் நின்று, "உங்கள் ஊரில் ஒன்றுமே சரியில்லை" என்று திரும்பிப் போன உறவினர்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால் கடையின் பெயரைக் குறைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான் சேலத்தில் சின்ன ஓட்டல்களுக்கும் டிபன் கடைகளுக்கும் வரிக் கணக்கு எழுதுகிறவன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொள்முதல் சீட்டுகளைப் புரட்டுவதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. சமையலறையில் என்ன நடக்கிறது என்பதை நாக்கைவிடச் சீட்டு நன்றாகச் சொல்லும். எந்தக் கடையில் தினமும் காய்கறி வாங்குகிறார்கள், எந்தக் கடையில் திங்களன்று வாங்கியதை வியாழன் வரை ஓட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம்.

காலை சீக்கிரம் முடிகிற விஷயம். ரயிலில் வந்தால் சூரமங்கலத்தில் இறங்குவீர்கள். ஊரில் ஜங்ஷன் என்று சொல்வது அந்த இடத்தைத்தான். அம்மாவுக்கு எந்த நடுத்தரமான சைவ ஓட்டலிலும் ஏழரை மணிக்கு இட்லி, பொங்கல் நன்றாகவே இருக்கும். பத்தரைக்கு அதே சாம்பாரில் இரண்டு முறை தண்ணீர் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அசைவக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் இருந்தால் குகை, அம்மாபேட்டை பக்கம் எட்டு மணிக்குள் போய் இட்லியோடு குடல் குழம்பு கேட்கலாம். நெசவாளர்கள் நிறைந்த பகுதிகள். பொழுது அங்கே சீக்கிரம் விடியும், பாத்திரமும் சீக்கிரம் காலியாகும். நீங்கள் ஞாயிறன்று மலைக்குப் போகிறீர்கள் என்பதால் இது இந்த முறை உங்களுக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். மட்டன் சாப்பாடு என்றால் மெஸ். பன்னிரண்டரைக்கு உள்ளே இருங்கள். செல்வி மெஸ் போன்ற பெயர்களை ஆட்டோக்காரரே சொல்லுவார், அதற்கு நான் வேண்டாம். ஏன் பன்னிரண்டரை என்பதை மட்டும் சொல்கிறேன். சிறிய மெஸ் நடத்துகிறவர் காலையில் கறிக்கடைக்கு ஓர் அளவு சொல்லிவைத்திருப்பார். சனிக்கிழமைக்குச் சற்றுக் கூடுதல், புரட்டாசியில் பாதி. அதற்கு மேல் வாங்க மாட்டார். மிச்சமாகும் கறி அவருடைய லாபத்தைத் தின்றுவிடும். கறியாவது பரவாயில்லை. ஈரல், மூளை, குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் எல்லாம் கூட்டம் வந்துவிட்டது என்று பெருகுகிற பொருள்களா? ஓர் ஆட்டுக்கு ஒரு தலைதான். ஒன்றரை மணிக்குப் பரிமாறுகிறவர் "ஈரல் முடிந்தது" என்றால் அது நல்ல கடை. மாலை ஐந்து மணிக்கும் எல்லாமே இருக்கிறது என்றால் குளிர்பெட்டி பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: வெள்ளாடா, செம்மறியா? இந்த மாவட்டத்தின் மேச்சேரியின் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. கம்பளிக்கு உதவாத, குட்டை முடி உள்ள, கறிக்காகவே வளர்க்கிற ஆடு. வெள்ளாட்டுக் கறிக்கு மெல்லும் சுகம் அதிகம், செம்மறியில் கொழுப்பின் வாசனை தூக்கலாக இருக்கும். இரண்டையுமே நம் ஊரில் மட்டன் என்றுதான் எழுதிவைப்போம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று ஒரு துண்டு கூடுதலாகவே விழும்.

கோழி வேண்டுமென்றால் பள்ளிபாளையம் சிக்கன் சொல்லுங்கள். சேலத்துச் சரக்கல்ல, நாமக்கல் மாவட்டத்தில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரி ஓரத்து ஊர் பள்ளிபாளையம். சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட காய்ந்த மிளகாய், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், கறிவேப்பிலை. மசாலாப் பொடிக்கு அங்கே வேலை இல்லை. சிவப்புக் குழம்போடு, மல்லித்தூள் வாசனையோடு ஒன்று வந்தால் அது வேறு ஏதோ ஒரு கோழி. பெயரை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறார்கள். நகரத்தின் பெரிய பல்சுவை உணவகங்கள் பலவற்றில் இப்படித்தான் வருகிறது.

அம்மாவை அந்த மெஸ்ஸுக்குள் அழைத்துப் போகாதீர்கள். "அவர்களுக்குச் சாம்பார், ரசம் தருவோம்" என்பார்கள், தருவார்கள்தான். ஆனால் பக்கத்து இலையில் நல்லி எலும்பைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே அவரால் ஒரு வாய் இறக்க முடியாது. ஒரு மணி நேரம் பிரிந்து சாப்பிடுவதால் குடும்பம் ஒன்றும் கலைந்துவிடாது. மகள் யாரோடு போகிறாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

நாலரை மணி. உங்கள் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தட்டுவடை செட் என்பதைச் சென்னையில் நீங்கள் சாப்பிட்டிருக்கலாம். அதை மறந்துவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டைக்கோ அக்ரஹாரத் தெருக்களுக்கோ சின்னக்கடை வீதிப் பக்கமோ போங்கள். இப்போது ஊரெங்கும், ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும் கடைகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய பேட்டைப் பக்கம் நின்று சாப்பிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே சாப்பிடுகிறவர்கள் தினமும் வருகிறவர்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள், மண்டியில் மூட்டை தூக்கியவர்கள், கல்லூரி விட்டுவந்த பெண்கள். தினமும் வருகிறவனிடம் நேற்றைய துருவலைப் போட முடியாது, மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான்.

செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தட்டில் ஐந்தாறு தட்டுவடைகளை வட்டமாக அடுக்குவார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பல்லில் பட்டால் படீரென்று உடைய வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் சட்னியை விரலாலோ கரண்டியின் முதுகாலோ ஒரு இழுப்பு. பச்சை என்றால் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய். சிவப்பு என்றால் மிளகாயும் பூண்டும். அதன் மேல் துருவிய கேரட், துருவிய பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கிள்ளு உப்பு. பிறகு இன்னொரு தட்டுவடையை மூடி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. உடையக் கூடாது, ஆனால் உள்ளே இருப்பது நகரவும் கூடாது. அந்த அழுத்தத்தைப் பழக ஒரு பையனுக்கு ஒரு மாதம் ஆகும் என்று நான் கணக்கு எழுதும் கடைக்காரர் ஒருவர் சொல்லுவார். முழுதாக வாயில் போடுங்கள். பாதி கடித்தால் மீதி பாதி சட்டையில்.

இதில் நேரம் நிமிடக் கணக்கு. பீட்ரூட் தண்ணீர் விட ஆரம்பித்தால் தட்டுவடை நமத்துவிடும். தட்டு கைக்கு வந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் காலி செய்ய வேண்டும். மகள் படம் எடுக்கட்டும், ஆனால் ஒரே ஒரு படம். பார்சல் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: துருவல் பாத்திரத்தைப் பாருங்கள். கேரட் இன்னும் ஆரஞ்சு நிறமாகவே இருந்தால், பீட்ரூட்டைத் தனியாக வைத்துக் கடைசியில்தான் கலக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் ஒரே ரத்தச் சிவப்பாக ஊறிக் கிடந்தால் அடுத்த வண்டிக்கு நடங்கள். தட்டுவடையைப் பல கடைக்காரர்கள் தாங்களே சுடுவதில்லை. வீட்டில் சுட்டுத் தருகிறவர்களிடம் எண்ணிக்கைக் கணக்கில் வாங்குகிறார்கள். என் சீட்டுகளில் "தட்டுவடை – 500" என்று ஒரு வரியாக வரும். அதனால் கடைக்குக் கடை ருசி மாறுவது பெரும்பாலும் சட்னியால்தான். பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட் என்று வகைகள் போய்க்கொண்டே இருக்கும். அம்மாவுக்குப் பல் சரியில்லை என்றால் நொறுக்கல் வாங்கிக் கொடுங்கள். தட்டுவடையை உடைத்து அதே துருவலும் சட்னியும் போட்டுப் பிசைந்து கரண்டியோடு தருவார்கள். அதிலேயே அவித்த முட்டையைச் சேர்த்து முட்டை நொறுக்கல் என்றும் ஒன்று உண்டு. அவருடையதில் முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், அதே கரண்டி சுற்றிவரும். பச்சைக் காய்கறி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மழைநாளில் இதைத் தவிர்க்கலாம். மற்ற நாட்களில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

இனி மகளின் கஃபே. அவளைத் தடுக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். என் பெண்ணையும் இப்படித்தான் நான் நான்கு வருடம் கேலி செய்து, கடைசியில் அவள் என்னை அழைக்காமலேயே போக ஆரம்பித்துவிட்டாள். ஃபேர்லேண்ட்ஸ், சாரதா கல்லூரி சாலை, அழகாபுரம், ஐந்து ரோடு சுற்றுவட்டாரத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தக் கஃபேயும் உயிரோடு இருக்கும். அங்கே நீங்கள் வாங்குவது காப்பி மட்டுமல்ல என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் கோபம் வராது. இரண்டு ஷாட் எஸ்பிரெசோவுக்கு ஏறக்குறைய 18 கிராம் தூள் போகும். கிலோ 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 22 ரூபாய்க்குள் முடிந்தது. மீதியெல்லாம் வாடகை, குளிர்சாதனம், அந்தச் சோபா, ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படிக்கிற மாணவன். அந்த மாணவனுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த ஊரில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் புத்தகம் படிக்க, முன்பு எந்த ஓட்டலில் விட்டார்கள்? "சாப்பிட்டாச்சா?" என்று துணியோடு வந்து நிற்பார்கள்.

கஃபேயில் என்ன வாங்குவது என்றால், அங்கேயே செய்கிறதை வாங்குங்கள். பாஸ்தாவும் பர்கரும் உறைந்த பொட்டலமாக வந்து இறங்குவதைச் சீட்டில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாம்பழ மில்க் ஷேக்கை மே, ஜூனில் கேட்டால் மல்கோவாவோ இமாம் பசந்தோ நிஜப் பழமாகவே கிடைக்க வாய்ப்பு உண்டு. டிசம்பரில் மாம்பழம் என்றால் டப்பா கூழ்தான். அதற்கும் தொலைதூரம் போக வேண்டாம், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் பெங்களூராப் பழத்தை அரைத்து அடைக்கிறார்கள்.

பபிள் டீ என்று ஒன்று எல்லாப் பலகையிலும் இருக்கிறது, உங்கள் மகள் நிச்சயம் அதைத்தான் கேட்பாள். அதன் அடியில் கறுப்பாகக் கிடக்கும் உருண்டைகள் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தவை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஊரோ ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர். கிழங்கை அரைத்து மாவெடுத்து உருட்டி வறுக்கிற ஆலைகள் சுற்றுப்புறமெல்லாம் இருக்கின்றன. அவர்களுக்காகவே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981-இல் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே கிழங்கின் உருண்டையைத் தடித்த குழாயில் உறிஞ்ச இருநூறு ரூபாய். எந்தக் கஃபே முதலாளியாவது உள்ளூர் ஜவ்வரிசியில் ஒரு பாயசத்தைக் குளிரவைத்துக் கண்ணாடிக் கோப்பையில் கொடுப்பாரா என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை என் கண்ணில் படவில்லை. இரண்டு பேரிடம் யோசனையாகவே சொன்னேன். "அதெல்லாம் வீட்டிலேயே செய்வார்கள் சார்" என்று விட்டுவிட்டார்கள்.

பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் என் தொழில் என்னைச் சும்மா விடாது. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்; குளிர்சாதன அறையா, மின்விசிறியா என்ற பேதம் 2017 நவம்பரிலேயே போய்விட்டது. ஆகவே "ஏ.சி. ஹாலுக்கு வரி கூடுதல்" என்று யாராவது சொன்னால் அது வரி அல்ல, அவர்களுடைய விலை. சிறிய கடை காம்போசிஷன் என்கிற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருந்தால் வரியைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்; உங்களிடம் தனியாக ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. அப்படிப்பட்ட கடையில் அதைப் பலகையில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

சேவைக் கட்டணம் வேறு. அது அரசாங்க வரி அல்ல. உங்களைக் கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போன மே மாதம் மைத்துனர் குடும்பத்தோடு மலையில் ஒரு கஃபேக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். சொன்னது வர ஐம்பது நிமிடம். வந்ததில் ஒன்று வேறு மேசையுடையது. கடைசியில் தோல் அட்டைக்குள் வைத்து நீட்டிய பில்லில் சாப்பாடு 1,600 ரூபாய், சேவைக் கட்டணம் 10 சதவிகிதம் 160, இரண்டையும் கூட்டிய 1,760-க்கு வரி 88, மொத்தம் 1,848. சேவைக்கும் சேர்த்து வரி. நான் எழுந்துபோய்க் கல்லாவில் இருந்த தம்பியிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் வாக்குவாதமே செய்யவில்லை. விசையைத் தட்டி 1,680-க்குப் புதிய பில் எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்கிறவர்களுக்கு எடுத்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள் போல. மைத்துனர் மட்டும் "நூற்று அறுபத்தெட்டு ரூபாய்க்காகவா?" என்று மலை இறங்கும்வரை சிரித்துக்கொண்டு வந்தார். அவர் வங்கியில் மேலாளர்.

தண்ணீர் பாட்டிலில் மட்டும் வாதாடாதீர்கள். உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாதாரணக் குடிதண்ணீர் கேளுங்கள், அல்லது பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள்.

அம்மாவின் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்குத் தெருவோர இட்லிக் கடை ஒன்றே போதும். ஆவி பறக்கிற பாத்திரமும் கூட்டமும் இருக்கிற கடை. இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, தீர்ந்தது.

ஞாயிறு, ஏற்காடு. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழு மணிக்கு அடிவாரத்தைக் கடந்துவிட்டால் நாள் உங்களுடையது. பத்து மணிக்குக் கடந்தால் வளைவுக்கு வளைவு நிற்பீர்கள், மேலே போனதும் மேசைக்கு நிற்பீர்கள், பிறகு படகுக்கு நிற்பீர்கள். மே மாதக் கோடை விழா நாட்கள் என்றால் சாப்பாட்டைக் கீழேயிருந்தே கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

மேலே மதியச் சாப்பாட்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். காய்கறியும் கறியும் பெரும்பாலும் கீழேயிருந்து ஏறி வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்கிற சின்னக் கடைகளில் சாம்பார் நறநறவென்று இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் குறைசொல்ல முடியாது. ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, அவித்த சோளம், பிரெட் ஆம்லெட். குளிருக்கு அவை போதும். எண்ணெயைப் பாருங்கள், கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள். மலையின் சொந்தச் சாப்பாடான ராகிக் களியும் சாமைச் சோறும் மலைவாழ் மக்களின் வீடுகளில் இருக்கின்றன, கஃபே பலகைகளில் இல்லை.

ஏற்காட்டில் கேட்டு வாங்க வேண்டியது காப்பி ஒன்றுதான், அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இரண்டு நூற்றாண்டாக சேர்வராயன் மலையில் காப்பி விளைகிறது. இப்போது சில்வர் ஓக் நிழலில் அராபிகா நிற்கிறது, அந்த மரங்களில் மிளகுக்கொடி ஏறுகிறது. அப்படிப்பட்ட தோட்டத்துக்கு எதிரிலேயே நிற்கிற கடையில், பையிலிருந்து கொட்டிய உடனடித் தூளைப் பாலில் கலக்கி நுரை ஆற்றிக் கொடுக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு, "மலைக் காப்பி மலைக் காப்பிதான்" என்று குடிக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தத் தோட்டத்துக் கொட்டை? எப்போது வறுத்தது? சிக்கரி எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு மழுப்ப முடியாது. காப்பி–சிக்கரிக் கலவை என்றால் காப்பி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிடவும் வேண்டும். சிக்கரி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டு டிகாக்‌ஷனின் கருமையும் கெட்டித்தன்மையும் பாதி அதனால் வருவதுதான். சுத்த அராபிகாவில் நிறையப் பால் ஊற்றினால் தண்ணீராகத் தோன்றும், லேசாகப் புளிப்பும் தட்டும். "தோட்டத்துக் காப்பி சப்பென்று இருக்கிறது" என்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே சுத்த காப்பி கிடைக்கிற இடத்தில் பாலைக் குறைக்கச் சொல்லுங்கள். மகள் பாலே இல்லாமல் வடிகட்டித் தருகிற காப்பியைக் கேட்டால் ஊக்கப்படுத்துங்கள். உங்கள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிப்பார், அவருக்குச் சிக்கரி கலந்த டபராக் காப்பியே வாங்கிக் கொடுங்கள்.

ஜனவரி வாக்கில் வந்தால் பழம் பறிப்பதைப் பார்க்கலாம். செர்ரி என்று தோட்டத்தில் சொல்லும் அந்தச் சிவப்புப் பழத்தைக் கிள்ளி வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு இருக்கும், காப்பி வாசனை துளியும் இருக்காது. கோடை மழை தொட்ட பிறகு மார்ச், ஏப்ரலில் தோட்டமே மல்லிகைபோல வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த ஒரு வாரம் எந்தக் கஃபேயிலும் உள்ளே உட்காராமல் வெளியே நாற்காலி போடச் சொல்லுவேன்.

மூன்று மணிக்கு இறங்க ஆரம்பியுங்கள். எல்லோரும் ஐந்து மணிக்குத்தான் கிளம்புவார்கள். குப்பனூர் வழியாக இறங்கினால் சுற்று, ஆனால் கூட்டம் குறைவு. தூளை மலையில் வாங்குவதாக இருந்தால் வறுத்த தேதி பார்த்து கால் கிலோ மட்டும் வாங்குங்கள். ரயிலுக்கு நேரம் இருந்தால் செவ்வாய்ப்பேட்டையில் நிறுத்தி வெறும் தட்டுவடையாக ஒரு பொட்டலம் கேளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் ஆனாலும் மொறுமொறுப்பு போகாது. கேரட்டையும் பீட்ரூட்டையும் சென்னையில் நீங்களே துருவிக்கொள்ளலாம். சட்னியைப் பொட்டலத்தில் கட்டித் தருகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் அது பையில் இருக்கும்.